யன்னலைச் சாத்திவிட்டு ஒரு சூப்

"முன் கதவைப் பூட்டினனியோ?" கையில் கத்தியோடு நின்றபடி றொட்னி கேட்டான்.

"பூட்டிப்போட்டன். யன்னலும் சாத்தியாச்சு. கெதியா வெட்டுங்கோ, ஆரும் வந்திடப் போகினம்" என்றாள் அவன் மனைவி சுவேதினி.

றொட்னி மளமளவென்று லீக்சை வெட்டினான். பிறகு கரட், இஞ்சி, உள்ளி. ஞாயிறு பின்னேரம் பேசாலை ஊரே சாப்பிட்டுக் கண்ணயர்ந்திருந்த நேரத்தில், ஒரு மரக்கறி நூடில்ஸ் சூப்புக்காக இருவரும் களவுக்கு வந்தவர்கள் போலச் சொந்தக் குசினியில் பதுங்கி நின்றார்கள்.

எல்லாம் சுவேதினியின் அப்பா பஸ்ரியனுக்குப் பயந்துதான். மூன்று படகு வைத்திருக்கிற மனிதர். றொட்னி பெண் கேட்டுப் போன அன்று அவர் படிப்பைப் பற்றிக் கேட்கவில்லை, வேலையைப் பற்றியும் கேட்கவில்லை. "தம்பி, மீன் தின்னுவியளோ?" என்று ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்.

கொழும்பில் இருந்த நாலு வருஷத்தில் மீன், இறைச்சி, முட்டை, பால் எல்லாவற்றையும் அடியோடு விட்டிருந்தவன் றொட்னி. கதவோரம் நின்ற சுவேதினியின் முகத்தை ஒருமுறை பார்த்தான். "மீன் இல்லாட்டில் எனக்குச் சோறு இறங்காது மாமா" என்று அடித்துவிட்டான். அடுத்த மாதமே கலியாணம்.

அன்றிலிருந்து ஒவ்வொரு ஞாயிறும் மாமியார் றோஸ்மேரியின் கையால் மத்தியானச் சாப்பாடு. பாரைமீன் குழம்பு, விளைமீன் பொரியல், போதாததற்கு ஒரு இறால் வறையும். மாமா தன்னுடைய கோப்பையில் விழுந்த துண்டுகளையும் தூக்கி றொட்னியின் கோப்பையில் வைப்பார். "வளர்ற பெடியள் தின்ன வேணும்" என்பார். அந்த அன்பில் முப்பது வயது றொட்னிக்குக் கண் கலங்கும்; கை பருப்பை மறுகரைக்கு ஒதுக்கும்.

மாமி குசினிக்கும் மாமா கை கழுவவும் போகிற இடைவெளியில், மீன் எல்லாம் சுவேதினியின் கோப்பைக்கு மாறிவிடும். மகள் தின்கிற கணக்கைப் பார்த்து, அவள் முழுகாமல் இருக்கிறாள் என்றே முடிவுகட்டி, நல்லபடி பிள்ளை பிறக்க மடு மாதாவுக்கு நேர்த்தியும் வைத்துவிட்டார் றோஸ்மேரி.

இன்றும் அதே கதைதான். வெறும் சோறும் பருப்பும் தின்றுவிட்டு வந்த றொட்னிக்குப் பசி தாங்கவில்லை.

தேங்காயெண்ணெயில் இஞ்சியும் உள்ளியும் பொரிந்தன. தண்ணீர் விட்டு, மரக்கறியைப் போட்டு, கொதி வந்ததும் அரிசிமா நூடில்சை உடைத்துப் போட்டான். மூன்று நிமிடம் போதும். கடைசியாகத் தேங்காய்ப்பால், மிளகுத்தூள், பாதித் தேசிக்காய். ஆவி முகத்தில் அடித்தபோது றொட்னிக்கு ஆட வேண்டும் போலிருந்தது. ஆடினான். சுவேதினி அகப்பையால் பானை மூடியில் தாளம் போட்டாள்.

தாளத்தோடு தாளமாகக் கதவு தட்டப்பட்டது.

"பிள்ளை, கதவைத் திற. அப்பா வந்திருக்கிறன்."

றொட்னி பானையைத் தூக்கிக்கொண்டு குசினியை மூன்று தரம் சுற்றினான். அதை ஒளிக்க ஓரிடமும் கிடைக்கவில்லை. திரும்பவும் அடுப்பிலேயே வைத்துவிட்டு, அதை மறைத்தபடி நின்றுகொண்டான்.

சுவேதினி கதவைத் திறக்க, மாமா நேரே குசினிக்குள் வந்தார். "றோட்டால போனனான். யன்னல் சாத்தியிருக்கு, மணம் மட்டும் வெளியில வருது. என்ன சமையல்?"

"சுடுதண்ணி அப்பா" என்றாள் சுவேதினி.

"இஞ்சி மணக்குது."

"இஞ்சிச் சுடுதண்ணி."

மாமா மருமகனைத் தோளில் பிடித்து மெல்ல நகர்த்தினார். மூடியைத் திறந்தார். அகப்பையை விட்டு அடிவரைக்கும் துழாவினார்.

"மீன் எங்க?"

"இல்லை மாமா."

"இறால்?"

"அதுவும் இல்லை."

"மாசிக் கருவாட்டுத் தூளாவது போட்டனீங்களோ?"

"முட்டையும் இல்லை மாமா, மாட்டுப்பாலும் இல்லை" என்று, கேட்காததற்கும் சேர்த்துப் பதில் சொன்னான் றொட்னி. இனி மறைத்துப் பயனில்லை. "நான் மீன் தின்னுறேல்லை மாமா. கலியாணத்துக்கு முந்தியே விட்டிட்டன். இவளைக் கட்ட வேணும் எண்ட ஆசையில பொய் சொன்னனான். இவளில ஒரு பிழையும் இல்லை."

'என்ர மருமோன் மாதிரி மீன் தின்னுறவன் இந்தக் கரையிலேயே இல்லை' என்று மீனவர் சங்கம் முழுக்கப் பெருமையடித்துத் திரிந்த மனிதர் அவர். மீசை துடித்தது. மகளைக் கையில் பிடித்துக்கொண்டு வெளியேறப் போகிறார் என்றே றொட்னி நினைத்தான். சுவேதினி ஓடி வந்து அவன் கையைக் கோத்துக்கொண்டாள்.

மாமா வெளியேறவில்லை. கதிரையொன்றை இழுத்துப் பொத்தென்று இருந்தார். இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு கழுத்தை நீட்டி, வாசல் பக்கம் ஒருதரம் எட்டிப் பார்த்துக்கொண்டார்.

"கொம்மா வாறாவோ பிள்ளை?"

"இல்லை அப்பா. அவ நித்திரை."

மாமாவின் குரல் இறங்கியது.

"எனக்கும் ஒரு கோப்பை ஊத்துங்கோ தம்பி, நான் மீனை விட்டுப் பதினொரு வருஷம்."