இலவசச் சோதனை

"பூட்டு போட்ட கம்ப்யூட்டர்னா என்ன செய்வீங்க?" என்று கேட்டார் அந்தப் பெண் அதிகாரி.

விற்பனையாளர் இந்தக் கேள்விக்காகத்தான் காத்திருந்தார். நாடு நாடாகப் போய் அரசாங்கங்களுக்கு உளவு மென்பொருள் விற்பது அவர் பிழைப்பு. கம்பெனி அவருடைய அக்கா புருஷனுடையது. இந்த ஆர்டரும் கைநழுவினால் வீட்டில் உட்கார வேண்டியதுதான் என்று அத்தான் நேற்று போனில் என்றும் இல்லாத கறாராகச் சொல்லியிருந்தார்.

"பூட்டை உடைக்கவே வேண்டாம் மேடம். கம்ப்யூட்டர் அணைஞ்சு கிடக்கிற வரைக்கும்தான் அந்தப் பூட்டுக்கு மரியாதை. சொந்தக்காரன் பாஸ்வேர்டு போட்டுத் திறந்து படிப்பான் இல்லையா, அப்ப நாமளும் அவன் தோளுக்குப் பின்னால நின்னு படிக்கிறோம்."

உள்ளே எப்படி நுழைவது என்று அதிகாரி அப்பாவியாகக் கேட்டார். அதற்கும் பதில் தயாராக இருந்தது. நம்பிக்கையான இடத்திலிருந்து வந்த மாதிரி ஒரு மெயில், அதோடு ஒரு இணைப்பு. அதைத் திறந்தால் ஆள் காலி. எவ்வளவு படித்தவனும் திறந்துவிடுவான் என்று சொல்லி, உடம்பு குலுங்கச் சிரித்தார். கழுத்தில் தொங்கிய நுழைவுச்சீட்டும் சேர்ந்து குலுங்கியது. போன வாரம் அதிகாரியின் அலுவலகம் மெயிலில் அனுப்பி, விற்பனையாளரே அச்செடுத்துக்கொண்டு வந்த சீட்டு அது.

யாருக்கெல்லாம் விற்பீர்கள் என்றதற்கு, நல்ல அரசாங்கங்களுக்கு மட்டும்தான் என்றார். எது நல்ல அரசாங்கம் என்று கண்டுபிடிப்பதில் கம்பெனிக்குச் சிரமமே இருந்ததில்லை. ஆர்டரில் கையெழுத்துப் போட்டதும் தெரிந்துவிடும்.

"உங்க கம்ப்யூட்டருக்குப் பூட்டு உண்டா?"

"இல்லாம இருக்குமா மேடம்? இதுல என்ன இருக்குன்னு என் வீட்டுக்காரிக்கே தெரியாது." மடியிலிருந்த லேப்டாப்பைச் செல்லமாகத் தட்டிக்கொடுத்தார்.

அதிகாரி முன்னாலிருந்த ஃபைலை மூடினார். "மன்னிச்சுக்குங்க. நாங்க வாங்கறதா இல்லை."

விற்பனையாளர் நாற்காலியின் நுனிக்கு வந்தார். "ஏன் மேடம்? போன மாசம் இலவசமா ஒரு சோதனைப் பிரதி குடுத்தோமே, அது சரியா வேலை செய்யலையா?"

"பிரமாதமா வேலை செய்யுது. இந்த நுழைவுச்சீட்டை நீங்க திறந்த நிமிஷத்திலிருந்தே செய்யுது. முழுப் பிரதியைத் திறக்கிற சாவியும் உங்க லேப்டாப்லயே இருந்துச்சு, எடுத்துக்கிட்டோம்."

விற்பனையாளர் லேப்டாப்பைப் பார்த்தார். அது ஏதோ தெரியாத வீட்டுக் குழந்தை மாதிரி மடியில் உட்கார்ந்திருந்தது.

அதிகாரி எழுந்து கதவு வரை கூடவே வந்தார். மரியாதை தெரிந்தவர்.

"போட்டிக் கம்பெனிக்கு ஒரு வேலை விண்ணப்பம் எழுதி வச்சிருக்கீங்களே தம்பி, அதை இன்னைக்கே அனுப்பிடுங்க. நாங்க உங்க லேப்டாப்புக்குள்ள நுழைஞ்சப்ப, உங்க அத்தான் எங்களுக்கு முன்னாடியே அங்க நின்னு அதைப் படிச்சுக்கிட்டு இருந்தார்."