ஆய்வகத்தில் எருது விடும் விழா

"ஓடு! ஓடு! சூளகிரி மானத்தை வாங்கிடாத!"

நவீன்குமார் போட்ட சத்தத்தில் ஓசூர் ஆய்வகத்தின் கண்ணாடிக் கதவே அதிர்ந்தது.

"கத்தாதண்ணா. அதுங்களுக்குக் காது கிடையாது," என்றாள் சௌமியா.

சொந்த ஊர் சூளகிரியிலிருந்து தங்கைக்கு மதியச் சாப்பாடு கொண்டுவந்தவன், மைக்ரோஸ்கோப்போடு இணைத்திருந்த திரையைப் பார்த்ததும் அப்படியே நின்றுவிட்டான். காளைகளை ஓடவிடும் எருது விடும் விழா என்றால் சோறு தண்ணி வேண்டாத ஆள் அவன். இங்கேயும் மேலும் கீழுமாக இரண்டு தடங்கள். தொடக்கத்தில் சளிப்பூஞ்சையின் செல்கள். ஈர மண்ணில் வாழ்கிற, வெறும் கண்ணுக்குத் தெரியாத உயிர்கள். மறுமுனையில் அவற்றைச் சுண்டி இழுக்கும் ஒரு ரசாயனம்.

"இதுல உன்னுது எது புள்ள?"

"கீழ் தடத்துல இருக்கறத ராப்பகலா உக்காந்து நான்தான் தயார் பண்ணேன்."

தலைமை விஞ்ஞானி நிர்மலா உள்ளே வந்தார். "சௌமியா, இன்னைக்கும் நிரூபிக்கலைன்னா புராஜெக்டை மூடிருவாங்க. உன் வேலையும் போயிரும். ஞாபகம் இருக்கில்ல?"

"இருக்குது மேடம். மூட வேண்டி வராது."

செல் நகரக் கால்சியம் வேண்டும். அந்தக் கால்சியத்தைப் பிடித்துக்கொள்ளும் ஒரு புரதம்தான் ஓட்டத்துக்கே ஆதாரம் என்பது சௌமியாவின் வாதம். மேலிடத்தில் யாரும் நம்பவில்லை.

மேல் தடத்துச் செல்கள் கிளம்பிவிட்டன. உடம்பை நீட்டி, இழுத்து, ஒன்றன்பின் ஒன்றாக முன்னேறின. கீழ் தடத்தில் அசைவே இல்லை.

"என்ன புள்ள, கட்டிப்போட்ட மாதிரி நிக்குது! வாலை முறுக்கலாம்னா வாலும் இல்ல."

"நீ சும்மா பாருண்ணா."

கீழே ஒரு செல் லேசாக நெளிந்தது.

"அப்படித்தான்! வா ராசா!" நவீன் துள்ளினான். சௌமியா மேசை விளிம்பை இறுக்கிப் பிடித்தாள். முகம் வெளுத்துவிட்டது. செல் இருந்த இடத்திலேயே அடங்கியது.

கொஞ்ச நேரத்தில் மேல் தடத்துச் செல்கள் மறுமுனையைத் தொட்டன. "போதும், நிறுத்து," என்றார் நிர்மலா.

நவீன் தங்கையின் தோளைத் தட்டினான். "விடு புள்ள. நல்ல காளையே ஒரு நாளைக்குப் படுத்துக்கும். எங்க கம்பெனியில உனக்கு வேலை கேக்கறேன்."

சௌமியா திரும்பினாள். முகமெல்லாம் சிரிப்பு.

"கீழ இருக்கறதுல அந்தப் புரதத்தை எடுத்ததே நான்தாண்ணா. அது இல்லாம ஓட முடியாதுன்னு காட்டத்தான் இத்தனை பாடு. ஓடியிருந்தாத்தான் என் வேலை போயிருக்கும்!"

நவீன் திருதிருவென்று விழித்தான். "அப்ப மேல ஜெயிச்சுதே, அது யாரோடது?"

"புரதத்தை எடுக்காம விட்டது. அதுவும் என்னுதுதான்."