ராணித்தாயின் செருப்பு

குமாசி நகரத்தில் மத்தியான வெயிலுக்கு ஸ்டூடியோவின் தகரக்கூரை சடசடக்கிறது. மழித்த தலையும் தோளில் கறுப்புத் துணியுமாகக் கொனாடு தன் கேமராவுக்கு எதிரே ராணித்தாய் வேடத்தில் நிற்கிறாள். கேமராவுக்குக் கீழே ஒட்டியிருக்கும் பழைய படத்தில் அந்நியரோடு போரிட்ட ராணித்தாயும் இப்படித்தான் நிற்கிறார், வெள்ளைக்காரச் சிப்பாய்கள் சிறைபிடித்த அன்று, வெறுங்காலோடு. கொனாடுவோ அகன்ற தோல் செருப்புக்குள் காலை நுழைக்கிறாள். "அக்கா, படத்துல செருப்பு இல்லையே. அச்சு அசலா அப்படியே வேணும்னு கண்காட்சிக்காரங்க சொன்னாங்கல்ல? திருப்பி அனுப்பிடுவாங்க," என்கிறாள் விளக்கைப் பிடித்திருக்கும் தங்கை பிராகோ. "நம்மூர்ல ஒருத்தரைப் பதவியிலேர்ந்து இறக்கணும்னா என்னடி செய்வாங்க?" "கால் செருப்பை உருவுவாங்க." "யாரு உருவணும்?" "பதவியில உட்கார வச்ச ஊர்சனந்தான்." "அப்போ இவங்க செருப்பை உருவுறதுக்கு இந்தச் சிப்பாய்ங்க யாருடி?" பிராகோ விளக்கைச் சற்றுத் தாழ்த்துகிறாள். வெளிச்சம் பாதம்வரை இறங்குகிறது. படம் எடுக்க அமுக்கும் ரப்பர் குமிழ் கொனாடுவின் துணி விளிம்புக்குள் ஒளிந்து தரையில் கிடக்கிறது. அதைக் காலடிக்கு இழுத்துக்கொண்டு நிமிர்கிறாள். மூச்சை அடக்குகிறாள். செருப்புக் காலாலேயே அழுத்தி மிதிக்கிறாள்.