சபையில் மூன்று பியூலா

சீட்டைப் போட்ட பிறகுதான் கவனித்தாள்.

மஞ்சள் பெட்டி.

அவள் போட நினைத்த ஜெபக் குறிப்புப் பெட்டி பக்கத்தில் இருந்தது. பழைய மரப்பெட்டி. மஞ்சள் பெட்டி போன மாதம் வந்தது. குழந்தைகள் நல அலுவலகமும் சபையும் சேர்ந்து வைத்தது. பிள்ளைகளுக்கு ஏதாவது கொடுமை என்றால் எழுதிப் போடுங்கள் என்று பாஸ்டரம்மா இரண்டு ஞாயிறு சொன்னார். இவளும் பெரிதாகத் தலையாட்டினாள்.

அழுதுகொண்டு வந்தவளுக்கு நிறம் எங்கே தெரிந்தது?

விரலை விட்டுப் பார்த்தாள். எட்டவில்லை. சாவி அலுவலகத்தில்.

அதிகாரிகள் படிப்பார்கள் என்றால் இப்படி எழுதியிருப்பாளா?

'ஆண்டவரே, இறால் கம்பெனிக்குப் போகும்போது பாப்பாவைக் கட்டில் காலோடு கட்டிவிட்டுப் போகிறேன். பார்த்துக்கொள்ள ஆளில்லை. என்னை மன்னியும்.'

போதாததற்குக் கீழே தன் பெயரையும் எழுதியிருந்தாள். பெயர் இருந்தால்தான் பாஸ்டர் பெயர் சொல்லி ஜெபிப்பார்.

பியூலா.

மூன்று நாள் சோறு இறங்கவில்லை. பிள்ளையைப் பிடுங்கிக்கொண்டு போய் ஹோமில் போட்டுவிடுவார்கள். வேறென்ன செய்வார்கள்? தெருவில் வண்டி நின்றாலே ஓடிப்போய்க் கதவைச் சாத்தினாள்.

வேலைக்குப் போகாமலும் முடியவில்லை. கட்டாமலும் முடியவில்லை.

நான்காம் நாள் காலை வந்துவிட்டார்கள். அலுவலகத்து மேடம். கூடவே பாஸ்டரம்மா.

மேடம் சீட்டை நீட்டினார்.

"நான் எழுதல மேடம். எங்க சபையில மூணு பியூலா இருக்கோம்."

பொய் இவ்வளவு சுலபமாக வரும் என்று அவளுக்கே தெரியாது.

பாஸ்டரம்மா அவள் முகத்தையே பார்த்தார்.

"யாரையும் பிடிச்சுக் குடுக்க வரலம்மா. சர்ச் ஹால்ல பகல்ல பிள்ளைங்களப் பாத்துக்க ஏற்பாடு பண்றோம். அந்தப் பியூலாவுக்குத்தான் மொதல்ல சொல்லணும்னு வந்தோம்."

நம்பலாமா?

நம்ப ஆசையாகத்தான் இருந்தது. ஆனால் மேடத்தின் கையில் பேனா திறந்தே இருந்தது. ஆசையாகப் பேசித்தான் பிள்ளையைத் தூக்குவார்கள் என்று கம்பெனியில் சொல்லியிருக்கிறார்கள்.

"அவங்ககிட்டயே கேளுங்க. எனக்கு நேரமாச்சு."

ஆணியில் தொங்கிய சாப்பாட்டுப் பையை எடுத்தாள்.

மூலையில் விளையாடிக்கொண்டிருந்த மூன்று வயதுப் பாப்பா பையைப் பார்த்தாள். எழுந்தாள். யாரும் கூப்பிடவில்லை.

நேரே போய்க் கட்டில் காலருகே உட்கார்ந்தாள்.

காலை நீட்டிக்கொண்டு, அம்மா வந்து கட்டக் காத்திருந்தாள்.