முப்பத்தெட்டாவது உச்சி

உச்சி என்று சொல்லிக்கொள்ள அங்கே ஒன்றும் இல்லை.

அறுத்து முடித்த சாமைக் கொல்லை. அதன் ஓரத்தில் இடுப்பு உயரத்துக்கு இரண்டு பாறைகள். சுற்றிலும் புதர். பள்ளத்தாக்குகூடத் தெரியவில்லை.

கிருபாவதி கைபேசியில் இருந்த வரைபடத்தை இரண்டு முறை சரிபார்த்தாள். இதுதான். மாவட்டத்திலேயே உயரமான இடம்.

தமிழ்நாட்டின் முப்பத்தெட்டு மாவட்டங்களிலும் எது மிக உயரமோ அங்கே போய் நிற்பது. ஆறு வருஷத்துக்கு முன்னால் அப்படியொரு பட்டியலைக் கைப்பட எழுதியவள் அவள்தான். சென்னையில் அது பரங்கிமலை. நாகப்பட்டினத்தில் வெறும் மணல்மேடு. சொந்த மாவட்டத்துக்கு மட்டும் அவசரமில்லை என்று கடைசியில் வைத்திருந்தாள்.

போன மாதம் அசோக்குமார் முடித்துவிட்டார்.

செங்கத்தில் அவள் வேலை பார்க்கும் அதே பள்ளியில் கணக்கு வாத்தியார். அவளுக்கு அப்புறம் ஆரம்பித்தவர். காலைக் கூட்டத்தில் தலைமையாசிரியர் அவருக்குச் சால்வை போர்த்தினார். உள்ளூர் சேனலில் இருந்து வந்து பேட்டி எடுத்துப் போனார்கள். பேட்டியில் அவர் கிருபாவதி டீச்சர் பெயரையும் சொன்னாராம். ஒளிபரப்பில் அது இல்லை.

அவள் சிரித்துக்கொண்டே நின்றாள். அன்று மதியம் சாப்பாட்டு டப்பாவைத் திறக்கவே இல்லை.

ஒரு மாதமாக, இந்த உச்சியில் எடுத்ததாக அவர் போட்டிருந்த கடைசிப் படத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். மஞ்சள் சட்டை, பெரிய பாறை, ஆகாயத்தை அணைக்கிற மாதிரி விரித்த கைகள். அந்தப் பாறையைக் கண்டுபிடிக்க வேண்டும். அதைவிட ஒரு சாண் உயரத்தில் தான் நின்றுவிட வேண்டும். முதல் பஸ்ஸைப் பிடித்து, முட்டி வலிக்க இவ்வளவு தூரம் ஏறி வந்தது அதற்குத்தான்.

கொல்லையில் சாமைத் தாளைக் கட்டிக்கொண்டிருந்த ஒரு பெண் நிமிர்ந்து பார்த்தாள். மாணிக்கம்மாள் என்று பெயர் சொன்னாள்.

"இன்னாம்மா தேட்றீங்க?"

கிருபாவதி படத்தைக் காட்டினாள். மாணிக்கம்மாள் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு கைபேசியை வாங்கிக் கண்ணருகே பிடித்தாள்.

"இந்தப் பாறை இங்க ஏது? இது கீழ, எங்க வூட்டாண்ட இருக்குது. இந்த சாரு வந்தாரு. பாதி மலையிலயே மூச்சு வாங்கிக்கினு குந்திட்டாரு. நான்தான் தண்ணி குடுத்தேன். இதுக்கு மேல ஏறவே இல்ல, அப்டியே போய்ட்டாரு."

கிருபாவதி இன்னொரு முறை சொல்லச் சொன்னாள். மாணிக்கம்மாள் சொன்னாள். மூன்றாம் முறையும் கேட்க ஆசையாக இருந்தது.

பாறையில் உட்கார்ந்து, மலை ஏறுகிறவர்களின் வாட்ஸ்அப் குரூப்பைத் திறந்தாள். இருநூற்றுப் பத்துப் பேர். இத்தனை நாளும் அவரை 'முதல் ஆள்' என்று கொண்டாடிக்கொண்டிருப்பவர்கள். எழுத ஆரம்பித்தாள். 'பொய்' என்று எழுதினாள். அழித்துவிட்டு 'தவறு' என்று மாற்றினாள். மறுபடியும் 'பொய்' என்றே எழுதினாள். அவ்வளவு சந்தோஷம்.

மலை ஏறும் வழியெல்லாம் சிக்னல் இல்லை. இப்போதுதான் வந்தது. காலை ஏழு மணிக்கு அனுப்பிய செய்தி ஒன்று வந்து விழுந்தது. அசோக்குமார், அவளுக்கு மட்டும் அனுப்பியது.

'டீச்சர், இன்னிக்கு ஜவ்வாது மலைக்குப் போறீங்கன்னு சொன்னாங்க. நான் அங்க மேல வரைக்கும் போகல. பாதியிலேயே முடியாம திரும்பிட்டேன். ஒரு மாசமா சரியா தூங்கல. முப்பத்தெட்டையும் நிஜமா ஏறின ஒரே ஆள் நீங்கதான். சாயங்காலம் குரூப்ல நானே சொல்லிடறேன்.'

கிருபாவதி அதைப் படித்தாள். சந்தோஷம் போன இடம் தெரியவில்லை.

மறுபடியும் அதே எரிச்சல். சால்வையைப் பார்த்தபோது இருந்ததைவிட அதிகமாக. இவரால் சொல்லிவிட முடிகிறது. சாயங்காலம் சொல்லிவிடுவார், ராத்திரி நிம்மதியாகத் தூங்குவார். இருநூறு பேரும் அவருடைய நேர்மையைப் புகழ்ந்து எழுதுவார்கள்.

குரூப்பில் எழுதியிருந்ததை ஒவ்வொரு எழுத்தாக அழித்தாள். அவருக்குப் பதில் போட்டாள்.

'சொல்லாதீங்க சார். நமக்குள்ளயே இருக்கட்டும்.'

உடனே பதில் வந்தது. 'இந்த மனசு யாருக்கு வரும் டீச்சர்?'

"போட்டா நான் புடிக்கட்டுமாம்மா?" என்றாள் மாணிக்கம்மாள்.

கிருபாவதி இரண்டில் உயரமான பாறையின் மேல் ஏறி நின்றாள். சிரிக்கச் சொன்னபோது சிரித்தாள்.

அசோக்குமார் சொன்னால் விஷயம் அவரோடு நிற்காது. மற்றவர்கள் படங்களையும் ஒரு தடவை பார்த்துவிடலாமே என்று யாராவது ஆரம்பிப்பார்கள்.

ஐந்து வருஷத்துக்கு முன்னால், தென்காசிப் பக்கம், அவளுடைய ஐந்தாவது மலை. விடாத மழை. உச்சிக்கு இன்னும் இரண்டு மணி நேரம் ஆகும் என்றான் வழிகாட்டி. அவள் வழியில் இருந்த ஒரு பாறையில் ஏறி நின்று படம் எடுக்கச் சொன்னாள். பின்னால் வெறும் மேகம். எந்த மலை, எவ்வளவு உயரம், எதுவும் படத்தில் தெரியாது. அதையே உச்சி என்று குரூப்பில் போட்டாள்.

அந்தப் படத்தைப் பார்த்துத்தான் தனக்கும் மலை ஏறும் ஆசை வந்தது என்று அசோக்குமார் ஒருமுறை சொல்லியிருக்கிறார்.