வகுப்புக்கு வராதவள்

நீதியை நேசிக்கும் நெஞ்சினரே, பேராசிரியர் ஒருவரின் அறைக்குள் வாருங்கள். நடப்பதற்குச் சாட்சியாக நில்லுங்கள்!

"ரெண்டே மார்க் ஐயா. பாஸானாதான் அந்த வேலை கிடைக்கும். அப்பா படுத்த படுக்கையா இருக்கார், வீடே என்னைத்தான் நம்பியிருக்கு" என்று கெஞ்சினாள் மாணவி.

"வகுப்புக்கே வராதவளுக்கு மார்க் போட என் மனசாட்சி இடம் கொடுக்காதும்மா" என்றார் பேராசிரியர்.

அருகிலிருந்த உதவிப் பேராசிரியர் சிரித்தார். "ஊர் சுத்துறதுக்குப் பட்டம் குடுத்தா இவதான் சார் முதல் வகுப்பு!"

அவள் பேராசிரியரை நிமிர்ந்து பார்த்தாள்; கண்ணீர் வழிந்தது.

உதவிப் பேராசிரியர் வெளியேறியதும் பேராசிரியரின் குரல் குழைந்தது.

"எதுக்கும்மா அழுறே? இன்னும் ஒரு வருஷம் இங்கேயே படி. இப்பப் போலவே வகுப்பு நேரத்துல நம்ம வீட்டுக்கு வந்துடு. உன்னை மாதிரி ஆள் எங்களுக்குக் கிடைக்குமா? கிளம்பு, பேரனுக்குப் பள்ளிக்கூடம் விடுற நேரமாச்சு. துணி துவைக்கலைன்னு வீட்டம்மா வேற கோபமா இருக்கா."

பயிரை மேய்ந்த வேலியே, பயிர் விளையவில்லை என்று தீர்ப்பும் எழுதிவிட்டது.

பெற்றோரே, வகுப்பு நேரத்தில் யார் வீட்டில் இருக்கிறாய் என்று இன்றே உங்கள் பிள்ளையைக் கேளுங்கள். பதிலைக் கேட்டுக் கண்ணீர் விட்டு உட்காராதீர்கள். ஊரைத் திரட்டிக்கொண்டு போய் அந்த அறைக் கதவைத் தட்டுங்கள்!