குழைசோறு

“குஞ்சுக்கு வெறும் சோறு குடுக்காதேயும், சுபானி. கால் பலமில்லாமல் போகுமாம்,” என்று இரண்டு கிழமைக்கு முன் கணவன் நிருஜன் தொலைபேசியில் சொன்னான். “நீங்கள் சின்னனிலை குழைசோறு திண்டுதானே நடந்தனீங்கள்?” என்று அவள் சிரித்தாள்.

இன்று ஜெர்மனியின் எசன் நகரில், அவர்கள் வீட்டுச் சமையலறையில் மாலை வெயில் சாய்ந்து கிடக்கிறது. அவள் வளர்க்கும் பெருவாத்துக் குஞ்சு துவாயின்மேல் இரு கால்களும் பக்கவாட்டில் விரிய எழ முயல்கிறது. மார்பு தரையில் மோத, கீச்சென்று முனகுகிறது. அதன் அலகோரம் ஒரு பருக்கை காய்ந்திருக்கிறது. மூன்று வருடமாகத் தொலைவிலுள்ள வால்டோர்ஃப் நகரில் வேலை, மாதம் ஒருமுறைதான் வீடு என்றிருக்கும் நிருஜன், ஜாக்கெட்டைக்கூடக் கழற்றாமல் முழந்தாளிட்டு அதன் கால்களைத் தடவுகிறான். “மூட்டு விலகிப்போச்சு. எப்பவிருந்து இப்பிடி?”

“நாலு நாளாய். களைப்பெண்டு நினைச்சன்.”

குஞ்சின் கழுத்து அவள் உள்ளங்கையில் சரிகிறது. இனி எழாது. அந்த மூன்று வருடமும் சொல்லாமல் விழுங்கியதை அவள் சொல்கிறாள்: “திரும்ப அங்கை வேலைக்குப் போகாதேங்கோ. என்னோடை இருங்கோ.”